பின்வரிசையில் நின்ற ஸ்பெயின்காரர்

தஞ்சாவூரோ மன்னார்குடியோ, பள்ளி மைதானத்தில் கால்பந்துக்கு ஆள் பிரிக்கும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் கோல் அடிக்கத்தான் ஆசை. ‘நீ பின்னாடி நில்லுடா’ என்றால் முகம் சுருங்கிவிடும். டிஃபெண்டர் என்றால் மிச்சமிருப்பவருக்குத் தள்ளிவிடும் வேலை என்றொரு நினைப்பு.

அப்படி முகம் சுருங்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. இனிகோ கால்டரோன், 1982-ல் ஸ்பெயினின் விட்டோரியா நகரில் பிறந்தவர். வலது பக்கத்தைக் காக்கும் ரைட் பேக். புயோல், ராமோஸ் போல உலகமறிந்த பெயர் அல்ல. ஸ்பெயின் சீனியர் அணிக்கு அவர் ஆடியதே இல்லை. ஆனாலும் இரண்டு ஊர் ரசிகர்கள் அவரைக் கொண்டாடினார்கள்.

முதல் ஊர், இங்கிலாந்தின் கடற்கரை நகரமான பிரைட்டன். 2010 ஜனவரியில் அவர் சேர்ந்தபோது அந்த அணி மூன்றாம் நிலை லீகில் இருந்தது. அடுத்த சீசனிலேயே அந்த லீகில் சாம்பியன். ஆறு ஆண்டுகளுக்கு மேல் இருந்து, 200 ஆட்டங்களுக்கு மேல் ஆடிவிட்டு 2016-ல் கிளம்பினார். 2017-ல் பிரைட்டன் பிரீமியர் லீகுக்கு உயர்ந்தது. நட்டு வளர்த்தவர் அறுவடைக்கு இல்லை.

இரண்டாவது ஊர், நம் சென்னை. 2017-ல் சென்னையின் எஃப்.சி.க்கு வந்தபோது அவருக்கு வயது 35. அந்த ஐ.எஸ்.எல். சீசனில் கோல் மழை பொழிந்த அணி கோவா. அதன் கோரோமினாஸ் மட்டும் 18 கோல் அடித்தார். அரையிறுதியின் முதல் ஆட்டம் 1-1. சென்னையில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் அதே கோவாவால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. 3-0 என்று ஜெயித்தது சென்னை. ஜேஜே இரண்டு, நம்மூர் தனபால் கணேஷ் ஒன்று. ஸ்கோரில் ‘3’ போட்டவர்களின் பெயர் பேப்பரில் வந்தது. அந்த ‘0’-வுக்குப் பின்வரிசையே பாடுபட்டது.

2018 மார்ச் 17 அன்று பெங்களூரில் இறுதிப் போட்டி. சேத்ரி முதலில் கோல் போட்டுவிட்டார். பதிலுக்கு இரண்டு முறை தலையால் முட்டி கோல் போட்டவர் மெயில்சன் ஆல்வெஸ். அவரும் டிஃபெண்டர்தான்! 3-2 என்று கோப்பை சென்னைக்கு வந்தது.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கதிரைப் பார்த்து ‘நல்ல விளைச்சல்’ என்று சொல்லாதவர் இல்லை. வரப்பைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் நண்டு வளை ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் போய்விடும். அதனால்தான் நடவுக்கு முன்பே அண்டை வெட்டிச் சேறு பூசுகிறார்கள். டிஃபெண்டரின் வேலையும் அதுதான். நன்றாகச் செய்தால் எதுவும் நடக்காது. நடக்காத ஒன்றுக்கு யார் கை தட்டுவார்கள்?

அடுத்த சீசனில் சென்னை அணி கடைசி இடத்துக்குச் சரிந்தது. கால்டரோன் அப்போதும் அதே சட்டையில்தான் ஆடினார். ஆட்டத்தை நிறுத்திய பிறகு பயிற்சியாளராகப் பிரைட்டனுக்கே திரும்பினார். 2024 டிசம்பரில் பிரிஸ்டல் ரோவர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அங்கே சில மாதங்கள்தான். அணி கீழ் லீகுக்கு இறங்கியது, பதவியும் போனது. ரசிகர்கள் மனதில் பிடித்த இடம் மட்டும் போகவில்லை.

அடுத்த முறை உங்கள் பிள்ளை ‘என்னைப் பின்னாடி நிறுத்திட்டாங்க’ என்று வாடிய முகத்தோடு வந்தால், ‘எத்தனை கோல் போட்டே?’ என்று கேட்காதீர்கள். ‘எத்தனை கோலைத் தடுத்தே?’ என்று கேட்டுப் பாருங்கள்.