இரண்டு தாது, ஒரே தும்மல்

தமிழில் 'தாது' என்ற சொல்லுக்கு வேலை அதிகம். சங்கப் புலவருக்கு அது பூவிலிருந்து உதிரும் பொடி. சுரங்க எஞ்சினியருக்கு மண்ணுக்கடியிலிருந்து வெட்டி எடுக்கும் உலோகக் கல். சித்த வைத்தியருக்கு உடம்பைத் தாங்கி நிற்கும் ஏழு பொருள்கள். மூன்று அர்த்தங்களும் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளும் ஊர் ஒன்று உண்டென்றால் அது கோலார் தங்கவயல்தான். மோதும் இடம், அங்குள்ளவர்களின் மூக்கு.

முதலில் கல் தாது. 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி கால்வைத்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28ல் சுரங்கம் மூடப்பட்டது வரை, இங்கிருந்து சுமார் 800 டன் தங்கம் போனது. வெட்டிய கல்லை மாவாக அரைத்து, சயனைடில் தங்கத்தைக் கரைத்து எடுத்த பிறகு மிஞ்சிய பொடி மட்டும் எங்கும் போகவில்லை. 13 மேடுகளாக ஊருக்குள்ளேயே நிற்கிறது. சுமார் 3.3 கோடி டன். சினிமாக்காரர்களுக்கு அது பாலைவனம். குடியிருப்பவர்களுக்கு, பலத்த காற்று வீசினால் சோற்றுத் தட்டை மூடவேண்டிய காரணம்.

அடுத்து, பூந்தாது. மழை பெய்து ஓய்ந்ததும் காலி மனைகளிலும், ரயில் பாதை ஓரத்திலும், மூடிய சுரங்கங்களைச் சுற்றியும் வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது பார்த்தீனியம். நகரத்துக்குக் குடிநீர் தருவதற்காகப் பாலாற்றின் மேல் அமைந்த பேத்தமங்கலம் ஏரியும் தப்பவில்லை. தண்ணீர் பின்வாங்கிய ஈர மண் இந்தச் செடிக்குப் பிடித்த மனை. கர்நாடகத்தில் இதன் பெயர் காங்கிரஸ் செடி. பூ, கட்சிக்காரர்களின் குல்லாய் மாதிரி இருப்பதால் என்பார்கள் சிலர். காங்கிரஸ் ஆட்சியில் இறக்குமதியான அமெரிக்க கோதுமையோடு வந்ததால் என்பார்கள் வேறு சிலர். 1950களின் நடுவில் புனேயில் கண்ணில் பட்ட செடி, இருபது ஆண்டுகளில் நாட்டின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. கர்நாடக அரசு 1975ல் இதைத் தீங்கான களை என்று அறிவித்தது. 1984ல் பெங்களூரில் மெக்சிகோ வண்டுகளை ஏவிவிட்டுப் பார்த்தார்கள். வண்டுகள் இலையைத் தின்றன. பிறகு மண்ணுக்குள் போய்த் தூங்கின. ஒரு செடி 15,000 விதைக்கு மேல் உதிர்க்கும்போது பாவம், வண்டு என்ன செய்யும்?

தொட்டால் தோல் அரிப்பு, சுவாசித்தால் தும்மல். 1990களின் தொடக்கத்தில் பெங்களூர் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்குப்படி, அந்த நகரவாசிகளில் சுமார் 7 சதவீதத்தினருக்கு இந்தச் செடியின் தாதுவால் மூக்கு ஒவ்வாமை. மாரிகுப்பத்தில் ரயிலேறி தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் தங்கவயல்காரருக்கு இரண்டு ஊர்த் தாதுவும் கிடைக்கிறது.

இதில் என்ன பெரிய விஷயம், தும்மல்தானே என்று நீங்கள் கேட்கலாம். விஷயம் அளவில் இருக்கிறது. பார்த்தீனியத்தின் தாது சுமார் 15 முதல் 20 மைக்ரான் பருமன். அதில் பெரும்பகுதியை மூக்கே தடுத்து நிறுத்திவிடும். அந்தத் தடுப்பு வேலையின் சத்தம்தான் தும்மல். கண் அரிக்கும், மூக்கு ஒழுகும். பருவம் போனால் தணியும். சிலருக்கு ஆஸ்துமாவாகவும் முற்றும் என்பதால் அலட்சியம் கூடாது. கல் தாதுவின் கதை வேறு. 5 மைக்ரானுக்கும் குறைந்த சிலிகா தூசி மூக்கை ஏமாற்றிவிட்டு நேரே நுரையீரலின் அடிவரை போய்த் தங்குகிறது. தும்மல் கிடையாது. வறட்டு இருமல், படியேறினால் மூச்சிரைப்பு. பருவம் கிடையாது, திரும்பிப் போவதும் கிடையாது. காசநோய்க்கும் கதவைத் திறந்துவிடும். இந்த சிலிகோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலில் பதிவானதே கோலார் சுரங்கத் தொழிலாளர்களிடம்தான்.

சுரங்கம் மூடிக் கால் நூற்றாண்டு ஆனாலும் இந்த நோய்க்கு ரிட்டையர்மென்ட் இல்லை. வேலையை விட்டுப் பல வருடம் கழித்தும் அது தலைகாட்டும். ஆனால் முன்னாள் தொழிலாளியும் அவர் பேரனும் ஒரே மருந்துக் கடையில் நின்று இருமினால், இருவருக்கும் கிடைக்கும் பெயர் ஒன்றுதான்: அலர்ஜி. கையில் ஒரே மாத்திரை. பேரனுக்கு அது கேட்கும். தாத்தாவுக்குத் தேவை ஒரு எக்ஸ்ரேயும், 'எத்தனை வருஷம் கீழே இறங்கினீங்க?' என்ற கேள்வியும்.

அலர்ஜி என்ற சொல்லை 1906ல் உருவாக்கியவர் வியன்னா டாக்டர் கிளெமன்ஸ் ஃபான் பிர்க்கே. தமிழில் அதை 'ஒவ்வாமை' ஆக்கினோம். மொழிபெயர்ப்பாக நல்ல சொல். ஆனால் அதில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. ஒத்துக்கொள்ளாதது உன் உடம்பு என்று சொல்லிவிட்டால், காற்றில் கலந்தது எது, கலக்க விட்டது யார் என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பதில் சொல்ல முதலில் எண்ண வேண்டும். மான்செஸ்டர் டாக்டர் சார்லஸ் பிளாக்லி 19ம் நூற்றாண்டிலேயே பசை தடவிய கண்ணாடித் துண்டுகளில், ஏன், பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டும்கூட, மகரந்தத்தைப் பிடித்து எண்ணினார். தன் தும்மலுக்குக் காரணம் தெரிந்துகொள்ளத்தான். சண்டிகர் நகரத்துக்கு எந்த மாதத்தில் எந்த மகரந்தம் என்று நாள்காட்டியே போட்டுவிட்டார்கள். நம் சிற்றூர்களில் மழையை மில்லிமீட்டரில் அளக்கிறோம், தங்கத்தை மில்லிகிராமில். மூச்சுக்குள் போவதை அளக்கும் வழக்கம் இல்லை.

தங்கவயலுக்கு இந்தக் கணக்கு இப்போதே தேவைப்படக் காரணம் உண்டு. 13 மேடுகளிலும் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. வேலை வந்தால் ஊருக்கு நல்லதுதான். இருபது வருடத்துக்கு மேல் காத்திருந்த ஊர். ஆனால் மேட்டைக் கிளறினால் தூசி எழும். கிளறுவதற்கு முன் காற்றில் எவ்வளவு கல் தாது, எவ்வளவு பூந்தாது என்ற கணக்கு கையில் இருந்தால்தான், பிறகு கூடியது எது என்று சொல்ல முடியும். ஒரு வருடம், எல்லாப் பருவத்திலும், ராபர்ட்சன்பேட்டையிலும் சாம்பியன் ரீஃபிலும் ஏரிக்கரையிலும் அளந்தால் போதும். 800 டன் தங்கத்தைத் துல்லியமாக எடைபோட்டு அனுப்பிய ஊருக்கு இது பெரிய செலவில்லை. அளக்காமல் தோண்டினால், நாளைக்கு வரும் இருமலுக்கெல்லாம் காங்கிரஸ் செடிதான் பழி சுமக்கும். அது வாய் திறந்து மறுக்கப் போவதில்லை.