தலைக்கவசத்தை அறுப்பவர்களுக்கும் அறுக்கச் சொல்பவர்களுக்கும்

நுவரெலியாவிலிருந்து ஹக்கல வழியாக வெலிமடைக்கு இறங்கி, அங்கிருந்து பதுளை நோக்கிச் செல்லும் ஏ5 வீதியை அறிந்தவர்களுக்கு இக்கட்டுரையின் அவசரம் உடனே விளங்கும். வளைவுக்கு மேல் வளைவு. ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் பள்ளம். எதிரே மரக்கறி ஏற்றிய லொறி. மழைக்காலமென்றால் முன்னால் செல்லும் வாகனத்தின் பின்விளக்கையும் விழுங்கிவிடும் பனிமூட்டம். இந்த வீதியில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளல்ல. தோட்டத்து லயத்திலிருந்து நகரத்துக் கடைக்கு வேலைக்கு வரும் இளைஞனுக்கும், தொலைதூரப் பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியருக்கும் அதுவே கால். அவர்கள் தலையில் எதை அணிந்து வருகிறார்கள் என்பது அற்ப விடயமல்ல.

முழுமுகத் தலைக்கவசத்தின் மீது நம்மவர் சொல்லும் குறைகள் பல. பனியில் முகக்கண்ணாடி மூச்சு பட்டு மங்குகிறது. பின்னால் வரும் பஸ்ஸின் ஹோர்ன் கேட்பதில்லை. மூக்குக்கண்ணாடி அணிந்தவருக்கு மாட்டவும் கழற்றவும் தொல்லை. இவை பொய்யான குறைகள் அல்ல. ஆனால் இவற்றுக்கு மருந்தாகச் சிலர் கையிலெடுப்பது இரும்பறுக்கும் வாளை! தாடைப் பகுதியை அறுத்து எறிந்தால் காற்றும் வரும், பேச்சும் கேட்கும், பொலிஸாரும் மறிக்கமாட்டார்கள் என்பது அவர்களது வாதம். வேறு சிலர் உள்ளிருக்கும் வெள்ளை நுரையைக் குடைந்து ஒலிபெருக்கி பொருத்துகிறார்கள். கமரா பூட்டத் துளையிடுகிறார்கள். கண்ணாடிக்குக் கறுப்புத்தாள் ஒட்டுகிறார்கள்.

தலைக்கவசம் என்பது தொப்பியல்ல என்பதை இவர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது? வெளி ஓடு அடியைப் பரப்புகிறது. உள்ளிருக்கும் பொலிஸ்டைரீன் நுரை தான் நசுங்கி அந்த அடியை வாங்கிக்கொள்கிறது. அது ஒருமுறை நசுங்கினால் மீண்டும் எழாது. ஆகவேதான் விபத்தில் அடிபட்ட கவசத்தை மறுபடி அணியக் கூடாது என்கிறார்கள். குடைந்தெடுத்த ஒவ்வொரு விரற்கடை நுரையும் உங்கள் மண்டையோட்டுக்கும் தார் வீதிக்கும் இடையில் இருந்த தூரம். முழுமுகக் கவசத்தின் ஓடு தாடைப் பகுதியோடு சேர்த்து ஒரே வளையமாகத் திட்டமிடப்பட்டது. வளையத்தை அறுத்தால் எஞ்சுவது திறந்தமுகக் கவசம் அன்று. எவரும் சோதித்துப் பார்க்காத, விளிம்பில் வெடிப்பு தொடங்கக் காத்திருக்கும் ஓர் உடைந்த பொருள்.

தாடையில் யார் அடிபடுகிறார்கள் என்று கேட்பீர்களாயின், ஜெர்மனியின் ஹனோவர் நகரில் டீட்மர் ஒட்டே என்ற ஆய்வாளர் விபத்துக்குள்ளான கவசங்களில் அடி எங்கெங்கே பதிந்திருந்தது என்று கணக்கெடுத்ததைச் சொல்லலாம். ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அடிகள் தாடைப் பகுதியிலேயே விழுந்திருந்தன. நம்மவர் வாளால் அறுப்பது அந்த மூன்றிலொரு பங்கைத்தான்.

மலைச்சரிவுகளில் சைக்கிளோட்டும் வெளிநாட்டு வீரர்கள் தாடைப் பகுதியைக் கழற்றி மாட்டுகிறார்களே என்று வாதிடுவோரும் உளர். உண்மைதான். ஆனால் அது கழற்றி மாட்டுவதற்கென்றே தயாரிப்பாளர் வடிவமைத்துச் சோதித்த கவசம். தவிரவும் அது சைக்கிளுக்கானது. மோட்டார் சைக்கிளுக்கு உரியதன்று. சட்டைக்குப் பொத்தான் கழற்றுவதும் சட்டையைக் கிழிப்பதும் ஒன்றாகிவிடுமா?

இளைஞர்களை மட்டும் கடிந்துகொண்டு நிறுத்துவது நேர்மையாகாது. இந்த நாட்டில் அறுக்கும் எண்ணத்துக்கு உரமிட்டது அதிகாரமே. 2015 மார்ச்சில், முகத்தை மறைக்கும் தலைக்கவசங்களைத் தடை செய்யப்போவதாகப் பொலிஸார் அறிவித்தார்கள். கொள்ளையரும் கொலைஞரும் அதற்குள் ஒளிந்துகொள்கிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். மோட்டார் சைக்கிளோட்டிகள் நீதிமன்றம் சென்றார்கள். ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. அதே 2015 ஜூலை முதலாம் திகதி பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டில், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி தலைக்கவசம் கண்டிப்பாக்கப்பட்டது. அங்கே தலையைக் காக்கச் சொன்னார்கள். இங்கே முகத்தைக் காட்டச் சொன்னார்கள்!

பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்தவன் என்ற வகையில், மோட்டார் சைக்கிளில் வரும் கொலைஞர்களைப் பற்றி எனக்கு எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 2009 ஜனவரி 8ஆம் திகதி சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்ரமதுங்கவை வழிமறித்துக் கொன்றவர்களும் மோட்டார் சைக்கிளில்தான் வந்தார்கள். பதினைந்து ஆண்டுகள் கடந்த பின்னும் அக்கொலைக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அவர்களை மறைத்தது பிளாஸ்டிக் ஓடா? தண்டனை வராது என்ற துணிவே அவர்களது உண்மையான முகமூடி. அதைக் கழற்றத் திராணியற்ற அரசு, தோட்டத்துப் பையனின் தாடைக்கவசத்தைக் கழற்ற முனைந்தது. கொலைசெய்யப் புறப்பட்டவன் தலைக்கவசச் சட்டத்துக்கு அஞ்சித் திரும்பிவிடுவான் என்று நம்புவது என்ன நியாயம்? சட்டத்துக்கு அஞ்சுபவன் ஏழை ஓட்டுநன் மட்டுமே.

அடையாளம் காண வேண்டுமா? வங்கி வாசலிலும் சோதனைச் சாவடியிலும் கவசத்தைக் கழற்றச் சொல்லுங்கள். நியாயமான கோரிக்கை, எவரும் மறுக்கமாட்டார்கள். கறுப்புக் கண்ணாடியைத் தடுக்கிறீர்களா? அதையும் வரவேற்கிறேன். பனிமூட்டத்தில் கறுப்புக் கண்ணாடி, குருடன் கண்ணுக்குக் கட்டுப் போட்டது போலத்தான். ஆனால் ஓடும்போது தாடையைத் திறந்து வை என்று சொல்லும் உரிமை எந்தச் சீருடைக்கும் இல்லை.

முழுமுகக் கவசம் வேண்டாம் என்போர், திறந்தமுகக் கவசமாகவே தயாரிக்கப்பட்டதை வாங்கட்டும், அது குற்றமல்ல. கொக்ரேன் நிறுவனம் 2008இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, தலைக்கவசம் மரண அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகக் கணக்கிட்டது. ஆகவே எந்த முறையான கவசமும் வெறுந்தலையை விட மேல். வாங்கும்போது இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். முத்திரையைப் பாருங்கள். ஐரோப்பியத் தரச்சீட்டு இருப்பின் அதிலுள்ள எழுத்தைப் பாருங்கள்: 'பி' என்றால் தாடைப் பகுதி பாதுகாப்பு தரும், 'ஜே' என்றால் திறந்தமுகம், 'என்.பி.' என்றால் தாடைப் பகுதி இருந்தும் பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை. கண்ணாடி மங்கினால் காற்றுத்துளையைத் திறவுங்கள். மங்காமல் தடுக்கும் மென்தகடு பொருத்துங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நாடிப் பட்டியைப் பூட்டுங்கள். பூட்டாத கவசம் விழும்போது உங்களுக்கு முன்னே உருண்டோடிவிடும்.

உடைந்த தாடையோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவனுக்குக் கஞ்சியைக் குழாயில் ஊட்டப்போவது அறுத்துக் கொடுத்த கராஜ்காரரும் அல்ல, தடைபோட நினைத்த அதிகாரியும் அல்ல. கொழுந்து பறித்த கையோடு ஓடிவரும் தாய்தான். வாளை எடுக்குமுன் அவளை நினையுங்கள்.