ஆங்கில வினைக்குத் தமிழ் வழி

காலம் ஒன்றே; அதனை மொழிகள் பகுத்துக் காணும் முறைகளே வேறு வேறு. தொல்காப்பியம் வினைக்குரிய காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்றாகக் கூறும். அரபு இலக்கணம் பயின்ற பெரியோர், காலங்காட்டும் வினை வடிவங்களை மாழீ, முழாரிஃ என இரண்டாக அறிவர். ஆங்கிலப் பள்ளி இலக்கணமோ பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட அட்டவணையை நம் மாணவர்முன் விரிக்கிறது. அவற்றுள் மாணவரை மிகுதியும் இடறச் செய்வன இரண்டு: பிரசென்ட் பெர்ஃபெக்ட் ஒன்று, பிரசென்ட் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ் மற்றொன்று.

தமிழ்த்துறை மலரில் ஆங்கில இலக்கணம் எதற்கு எனச் சிலர் வினவலாம். இவ்விரண்டையும் தெளிவுறக் கற்பிக்கத் தமிழ் இலக்கணமே ஏற்ற துணை என்பது நம் கருத்து. ஆதலின் இதனைப் பேசுதற்கு உரிய இடமும் இதுவேயாகும்.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட ஆமத்தூரிலும், அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் இளைஞர் பலர் உள்ளனர். பெற்றோர் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களில் உழைப்பவர்கள். பிள்ளைகளும் படிப்போடு ஏதேனும் ஒரு வேலையைச் சுமப்பவர்கள். அச்சகம் ஒன்றில் ஐந்தாண்டுகளாகக் கணக்கெழுதும் ஓர் இளைஞர், வேறு வேலைக்கு விண்ணப்பிக்கிறார் எனக் கொள்வோம். ‘ஐ ஒர்க்டு ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என அவர் எழுதினால், அவ்வேலையை விட்டுவிட்டார் என்றே படிப்பவர் கருதுவர். ‘ஐ ஆம் ஒர்க்கிங் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என எழுதினால், பொருள் விளங்கினும் பிழையென ஒதுக்குவர். ‘ஐ ஹாவ் பீன் ஒர்க்கிங் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்பதே பொருந்தும் வடிவம். உழைப்பு மெய்யானது, அதனை உரைக்கும் வினைச்சொல் பிழைத்ததால் வாய்ப்பு நழுவுகிறது. எனவே, இது மதிப்பெண் பற்றிய சிக்கல் மட்டுமன்று.

இப்பிழை சோம்பலால் விளைவதன்று. ‘ஐந்தாண்டுகளாக வேலை செய்கிறேன்’ என நிகழ்காலத்தில் கூறுவது தமிழில் முற்றிலும் சரியே. அதனை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்க்கும்போதுதான் தவறு நேர்கிறது. வாய்பாட்டை மனப்பாடம் செய்த மாணவர்க்கு வடிவத்தை ஆக்கத் தெரிகிறது. அதனை எங்கே வழங்குவது என்பது தெரிவதில்லை.

ஆனால், அவ்வேறுபாடு தமிழுக்குப் புதியதன்று. ‘எழுதியிருக்கிறார்’ என்பதில் ‘இரு’ என்னும் துணைவினை, முடிந்த செயலின் பயன் இன்றும் நிற்பதைக் காட்டுகிறது. ‘எழுதி வருகிறார்’ என்பதில் ‘வா’ என்னும் துணைவினை, முன்பு தொடங்கிய செயல் இன்றுவரை தொடர்வதைக் காட்டுகிறது. முன்னது ‘ஹாஸ் ரிட்டன்’. பின்னது ‘ஹாஸ் பீன் ரைட்டிங்’. அவ்வாறே, ‘1990 முதல்’ என்னும்போது வரும் ‘முதல்’ என்பதற்குச் ‘சின்ஸ்’. ‘ஐந்தாண்டுகளாக’ என்னும்போது வரும் ‘ஆக’ என்பதற்கு ‘ஃபார்’.

நம் வட்டாரத்து வரலாற்றையே சான்றாகக் கொள்வோம். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றனர். இது முடிந்த காலம், ஆண்டும் சுட்டப்பட்டது, எனவே ‘லேர்ன்ட்’ என்பதே போதும். சிவகாசி அன்று முதல் தீப்பெட்டி செய்து வருகிறது. இது ‘ஹாஸ் பீன் மேக்கிங்’. அத்தொழிலால் அவ்வூர் பெரும்பெயர் பெற்றிருக்கிறது; இது ‘ஹாஸ் எர்ன்டு’. ஓர் ஊரின் கதையில் மூன்று வடிவங்களும் அடங்கிவிட்டன.

மற்றொரு சான்றும் காண்போம். ஒரு தாய் காலை முதல் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டி வருகிறார்; ஐந்நூறு பெட்டிகள் ஒட்டியிருக்கிறார். முதல் தொடர் அவர் செலவிட்ட பொழுதைப் பேசுகிறது, அது கன்டினியுவஸ். இரண்டாம் தொடர் முடித்த எண்ணிக்கையைப் பேசுகிறது, அது பெர்ஃபெக்ட். எண்ணிக்கைக்குக் கூலி பெறும் இல்லத்துப் பிள்ளைக்குப் பொழுது வேறு, எண்ணிக்கை வேறு என்பதை எவரும் விளக்க வேண்டுவதில்லை. அவர் வாழ்வில் உணர்ந்ததை இலக்கணமாக எடுத்துக்காட்டுவதே ஆசிரியர் பணி.

தமிழ் எல்லா இடத்தும் கைகொடுக்கும் என நாம் கூறவில்லை. ‘நேற்று வந்திருக்கிறான்’ எனத் தமிழில் கூறலாம்; ஆங்கிலத்தில் ‘யெஸ்டர்டே’ என்னும் சொல்லோடு ‘ஹாஸ் கம்’ பொருந்தாது; ‘கேம்’ என்றே வரவேண்டும். விருதுநகர் 1985 முதல் தனி மாவட்டமாக இருந்து வருகிறது. இங்கு ‘வா’ வந்தாலும், இருத்தல், அறிதல் போன்ற நிலையை உணர்த்தும் வினைகள் ஆங்கிலத்தில் பொதுவாகத் தொடர் வடிவம் ஏற்பதில்லை. ஆகவே ‘ஹாஸ் பீன்’ என்பதோடு நின்றுவிடும். இத்தகைய வேறுபாடுகளையும் இரு மொழிகளையும் அருகருகே வைத்துக் காட்டினாலன்றி மாணவர் உணரார்.

ஆங்கில வகுப்பில் தமிழ் ஒலிப்பதே குற்றம் என்னும் எண்ணம் இன்னும் சிலரிடம் நிலவுகிறது. இடைவிடாது ஆங்கிலம் கேட்டாலன்றி ஆங்கிலம் வாராது என்பர். கேட்டல் வேண்டும், அதனை நாம் மறுக்கவில்லை. எனினும், வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் கேளாத பிள்ளைக்குத் தாய்மொழி என்னும் படிக்கட்டையும் எடுத்துவிட்டால் அவர் எதனைப் பற்றி மேலேறுவார்?

ஆங்கிலத்துறையும் தமிழ்த்துறையும் பருவத்திற்குச் சில மணி நேரமேனும் ஒன்றாக அமர்ந்து வினைச்சொல் பயிற்சி நடத்துதல் வேண்டும். மாணவச் செல்வங்கள் நாள்தோறும் தம் இல்லத்துத் தொழிலைப் பற்றி ஐந்து தொடர்கள் தமிழில் எழுதி, அவற்றை ஆங்கிலத்தில் ஆக்கிப் பழகுதல் வேண்டும். கல்விக்கு வாரி வழங்கும் சமுதாயப் பெரியோர், கட்டடங்களுக்கு உதவுவது போன்றே மாலைநேரப் பயிற்சிகளுக்கும் உதவ முன்வருதல் நலம். தாம் செய்து முடித்ததையும் செய்து வருவதையும் நம் பிள்ளைகள் எந்த மொழியிலும் பிழையின்றி எடுத்துரைக்க வேண்டும். அதற்கான முதற்பாடம் நம் தாய்மொழி இலக்கணத்திலேயே இருக்கிறது.