நஞ்சைக் காட்டும் ஒளி

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஊர் ஆரணி. பட்டு நெசவு அவ்வூரின் பெருந்தொழில். பட்டிழைக்குச் சாயம் தோய்ப்பவர், தொட்டி நீரின் நிறத்தைக் கொண்டே சாயம் இழையில் ஏறியதா, நீரில் எஞ்சியுள்ளதா என்பதை அறிவர். சாயக்கழிவு நீர்நிலையில் கலப்பினும், அதன் நிறமே அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். கண்டவர் தடுத்துக் கேட்க இயலும். ஆயின், எல்லாக் கழிவும் இவ்வாறு தன்னைத் தானே அறிவிப்பதில்லை.

சேலையின் கரையில் மின்னும் சரிகை இதற்குச் சான்றாகும். சரிகை பெரும்பாலும் குசராத்து மாநிலத்துச் சூரத்து நகரில் செய்யப்படுவது. தூய சரிகையின் வெள்ளியிழைக்கு மின்முறையில் பொன்முலாம் பூசுங்கால், பொன்னும் சயனைடும் சேர்ந்த உப்புப் பயன்படுகிறது. கற்பொடியிலிருந்து பொன்னைப் பிரித்தெடுப்பதற்கும் சயனைடே உதவுகிறது. 2001ஆம் ஆண்டில் மூடப்பட்ட கோலார் தங்கச் சுரங்கத்திலும் இம்முறையே கையாளப்பட்டது.

சயனைடு கொடிய நஞ்சு. உயிர்வளி உடலிற் புகுந்தும், உயிரணுக்கள் அதனைப் பயன்கொள்ளாவண்ணம் அது தடுத்துவிடும். நீரில் கரைந்தால் அதற்கு நிறமில்லை. அதன் மணமோ எல்லார்க்கும் புலப்படுவதன்று. குடிநீர் ஒரு லிட்டரில் 0.05 மில்லிகிராமுக்கு மேல் அஃது இருத்தலாகாது என்பது இந்தியத் தர அளவு. 2000ஆம் ஆண்டு சனவரித் திங்களில், உருமேனியா நாட்டின் பாயா மாரே என்னுமிடத்தில் பொன் ஆலையின் கழிவுத்தேக்கம் உடைந்தது. ஏறத்தாழ 1,00,000 கன மீட்டர் கழிவுநீர் ஆறுகளிற் பாய்ந்து, மீன்கள் திரள்திரளாக மடிந்தன.

கட்புலனாகாத இந்நஞ்சைக் கட்புலனாக்குவதே ஒளிர் உணரிகளின் பணி. சில பொருள்கள் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை ஏற்று, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளிவிடும். இவ்வியல்பை 1852ஆம் ஆண்டில் விளக்கியவர் ஆங்கில நாட்டில் பணியாற்றிய அறிஞர் சுடோக்சு. சயனைடு வந்து சேர்ந்தவுடன் ஒளிரத் தொடங்கும் மூலக்கூறுகளையும், ஒளி அவியும் மூலக்கூறுகளையும் வேதியியலார் பல்லாற்றானும் அமைத்துள்ளனர். அவற்றைத் தாளில் தோய்த்து, சிறு விளக்கின் கீழ்க் காணவும் கூடும். இவற்றுள் சில தனிநீரில் செயற்படா. சில பிற உப்புக்களாலும் ஏமாற்றமுறும். இக்குறைகள் களையப்படல் வேண்டும்.

ஆய்வுக்கூடங்கள் இருக்க இக்கருவி எதற்கு எனச் சிலர் வினவலாம். அங்கு நீரைக் காய்ச்சி வடித்து ஆராய்ந்து முடிவு கூறுவதற்குள், கழிவு ஆற்றோடு போய்விடும். ஆதலின், எளிய உணரி பட்டறையின் வடிகால் வாயிலுக்கே வருதல் வேண்டும்; அதனைக் கையாளும் உரிமை அந்நீரைப் பருகும் ஊராருக்கும் வேண்டும்.

எனினும், ஒளி நஞ்சைக் காட்டுமேயன்றிப் போக்காது. கழிவைக் காரமாக்கிக் குளோரின் சேர்த்துச் சயனைடைச் சிதைக்கும் முறை நெடுங்காலமாக உள்ளது. மருந்து இருந்தும் நோயை மறைப்பதே பெருங்கேடு. சரிகையின் அழகு ஓரூரில் விளங்க, அதன் நஞ்சு மற்றோரூரின் நீரிற் கலத்தல் அறமாகாது. கண்டறிந்தபின் வடிகாலை அடைத்துக் கழிவைத் தூய்மை செய்யும் கடமையுணர்வு தோன்றுமாயின், அப்பொழுதே அறிவியலின் ஒளி முழுப்பயன் தரும்.