ஒரு குறிப்பேடும் மூன்று கட்டுரைகளும்

எழுதியதையே எழுதுகிறான் என்பது எழுத்தாளன்மீது சுமத்தத்தக்க பழிகளுள் கொடியது. அண்மையில் அப்பழி என்மீதும் விழுந்தது. 1942ஆம் ஆண்டு ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கிய வரலாற்றை வைத்து மூன்று சஞ்சிகைகளுக்கு மூன்று கட்டுரைகள் எழுதியிருந்தேன். "ஒரே சரக்கை மூன்று கடைகளில் விற்கிறீரே, இது நியாயமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமே என்பது என் கட்சி. ஆனால் நண்பர் காணாத குற்றம் ஒன்று அக்கட்டுரைகளில் இருந்தது. அதையும் இங்கே ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் கரையில் பெரிய பாரை ஒன்று வந்திறங்கினால் தலை சொதிக்குப் போகும். நடுத்துண்டு குழம்புக்குப் போகும். எஞ்சியது உப்பிட்டுக் கருவாடாகும். மீன் ஒன்றே, பக்குவம் வேறு. சொதியில் நீரை ஊற்றிவிட்டு இதுதான் குழம்பு என்று பரிமாறினால் அல்லவா அது மோசடி?

நான் சீனக்குடாவில் பிரித்தானியர் அமைத்த எண்ணெய்க் குதங்களைச் சுற்றி அலைந்தேன். துறைமுகத்தில் உழைத்த முதியவர்களைத் தேடிச் சென்று கேட்டேன். குறிப்பேடு நிறைந்தது. வரலாற்றுச் சஞ்சிகைக்கு எழுதியபோது, இத்துறைமுகத்தின்மீது பகைவன் கண் ஏன் விழுந்தது என்று கேட்டேன். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததிலிருந்து கட்டுரையைத் தொடங்கினேன். சிறுவர் இதழுக்கு எழுதியபோது, தாயின் கையைப் பற்றிக்கொண்டு ஓடிய சிறுவன் வானத்தில் என்ன கண்டான் என்று கேட்டேன். மகளிர் இதழுக்கு எழுதியபோது, கொதிக்கும் உலையை அடுப்பிலேயே விட்டுப் போனவள் திரும்பி வந்து எதைக் கண்டாள் என்று கேட்டேன். குறிப்பேடு ஒன்று, கேள்விகள் மூன்று. ஆதலால் கட்டுரைகளும் மூன்று.

பெரியோர் காட்டிய வழியே இது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊரூராய் அலைந்ததன் பயனாக 1887இல் சீவக சிந்தாமணியும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் அச்சேறின. அதே அலைச்சல் பின்னர் பத்திரிகைக் கட்டுரைகளாயிற்று. 1940 முதல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' ஆயிற்று. பதிப்பைப் புலவர் கற்றனர். சரித்திரத்தை வீட்டுத் திண்ணையில் இருந்தோரும் படித்தனர். நம் சுவாமி மலையின் அடியில் மூழ்கிக் கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டவர்கள் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும். 1961இல் இலங்கையின் தென்கிழக்குக் கடலில் வில்சன் ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்தார். 1964இல் அப்புதையலைப் பற்றிப் பெரியோருக்கு ஒரு நூலும் சிறுவருக்கு ஒரு நூலும் வெளிவந்தன. அவற்றை வஞ்சகம் என்பார் யார்?

இனி, என் குற்றத்தைச் சொல்கிறேன். கொழும்பில் குண்டு விழுந்தது ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று. திருகோணமலையில் விழுந்தது அதற்கு நான்கு நாள் பிந்தி, 9ஆம் தேதி வியாழக்கிழமை. எனக்குச் செய்தி சொன்ன முதியவர் ஒருவரின் நினைவில் இரண்டும் ஒன்றாகிவிட்டிருந்தன. அவர் ஞாயிறு என்றார். நானும் நாட்காட்டியைப் புரட்டாமல் ஞாயிறு என்றே எழுதினேன். அப்பிழை மூன்று சஞ்சிகைகளிலும் ஏறியது.

சில மாதங்களின் பின் பாடசாலை மாணவி ஒருத்தி என் வீடு தேடி வந்தாள். அவள் எழுதிய கட்டுரையில் தேதி பிழையென்று ஆசிரியர் சுழித்திருந்தார். "மூன்று புத்தகத்தில் இருக்கிறதே, ஐயா, மூன்றும் எப்படிப் பிழையாகும்?" என்று கேட்டாள். அவள் கண்ணுக்கு அவை மூன்று சாட்சிகள். உண்மையிலோ ஒரே மனிதன் மூன்று முறை பேசியிருக்கிறான். நான் தலைகுனிந்தேன்.

ஒரே ஆராய்ச்சியைப் பலவாறு பயன்படுத்துவதில் உள்ள அபாயம் இதுவே. மீன் கெட்டிருந்தால் சொதியும் கெடும், குழம்பும் கெடும், கருவாடும் கெடும். ஆகையால் எனக்கு நானே இரண்டு விதிகள் வகுத்துக்கொண்டேன். புதுக் கட்டுரை எழுதும்போது பழைய கட்டுரையைப் பார்த்து எழுதாமல், குறிப்பேட்டுக்கும் அதற்கு மூலமான சான்றுக்கும் திரும்பிச் செல்லவேண்டும். இச்செய்தியை முன்னர் எங்கே எழுதினேன் என்பதை வாசகருக்கு மறைக்காமல் சொல்லவேண்டும்.

எழுதாமலே விட்டுவிடலாமே என்பார் உளர். அது அதனினும் பெரிய குற்றம். அன்று கண்ணால் கண்டவர்கள் ஒருவர்பின் ஒருவராக மறைந்து வருகிறார்கள். அவர்கள் நம்மை நம்பிச் சொன்னதை ஒரு கட்டுரையோடு பெட்டியில் பூட்டிவைத்தால் கறையானுக்கே இரையாகும். மூன்று சஞ்சிகைகளுக்கும் திருத்தம் எழுதி அனுப்பிவிட்டேன். நண்பர் பொறுத்தருள்க: அதே குறிப்பேட்டிலிருந்து பிறந்த நான்காவது கட்டுரை இது.