தனிப்பூச்சியமும் இறுப்பிட்டியும்: பயன் வினவுவோர்க்கு ஒரு மறுப்பு

புங்குடுதீவின் இறுப்பிட்டியிற் பிறந்து வளரும் ஒரு பிள்ளைக்குத் தனிப்பூச்சிய வெப்பநிலையை அண்டிய பௌதிகத்தால் ஆவதென்ன? இவ்வினாவை எழுப்புவோர் பலர். கிணறுகள் உவர்த்துக் கிடக்கும் ஊர் அது. குடிநீர் வண்டியின் வரவை எதிர்பார்த்து வாளிகளுடன் நிற்கும் ஊர். 1990களின் தொடக்கத்தில் வீடு வாசல்களைப் போட்டது போட்டபடி விட்டு மக்கள் வெளியேறிய தீவின் ஒரு பகுதி. இன்றும் பூட்டிய வீடுகளும் பற்றை மூடிய வளவுகளும் அங்குண்டு. அத்தகைய ஊர்ப் பிள்ளைக்கு ஐதரசன் அணுக்களின் கறங்கல் எத்திசை நோக்கினால் என்ன, நோக்காவிட்டால் என்ன என்பது அவர்தம் வாதம். அப்பிள்ளைக்கு வேண்டியவை தண்ணீரும் தொழிலுமே என்று கூறி அவர்கள் அமைகின்றனர்.

கேட்ட மாத்திரத்தில் இவ்வாதம் இரக்கமுடையதாகவே தோன்றும். இதனோடு இன்னொன்றும் சேர்ந்து வருவதுண்டு. இத்தகைய நுண்பொருளைத் தமிழிற் கூறவியலாது, கூறினும் வாசிப்பார் இலர், வேண்டுவோர் ஆங்கிலத்திற் படித்துக் கொள்ளட்டும் என்பது அது. இவ்விரண்டும் ஒரே மரத்தின் இரு கிளைகள். ஒரு பிள்ளை எதனை அறியலாம் என்பதை அப்பிள்ளை பிறந்த இடத்தைக் கொண்டும் பேசும் மொழியைக் கொண்டும் முன்கூட்டியே அளந்துவிடும் மனப்பான்மையே அம்மரம். அதனை வேரோடு பெயர்த்தல் வேண்டும்.

பொருள் யாது?

எதிர்ப்போர் பலர் தாம் எதிர்க்கும் பொருளை அறிந்தாரல்லர். ஆதலின் அதனை முதலிற் கூறுதல் தகும்.

உயர்தர வகுப்பு மாணவர் நான்கு சத்திச்சொட்டெண்களைத் தமிழிலேயே மனனஞ் செய்கின்றனர். நான்காவது கறங்கலுக்கு உரியது. இலத்திரனுக்கு அதன் பெறுமானம் நேர் அரை, அன்றேல் எதிர் அரை. பரீட்சைத் தாளில் இதனை எழுதிப் புள்ளி பெற்றதும் அதுபற்றிய பேச்சு ஓய்ந்துவிடுகின்றது. அந்த நேர், எதிர் என்னும் சிறு வேறுபாட்டால் உலகில் நிகழ்வது யாதென அவர்களுக்கு எவரும் கூறுவதில்லை.

நிகழ்வது சிறிதன்று. இரு ஐதரசன் அணுக்கள் சந்திக்கும்போது அவற்றின் இலத்திரன்களின் கறங்கல்கள் எதிரெதிராயின் அவை பிணைந்து மூலக்கூறாகும். பெருஞ் சத்தி வெளிப்படும். கறங்கல்கள் ஒருதிசைப்பட்டனவாயின் பௌலியின் விதி அவ்விலத்திரன்களை ஓரிடத்தில் நெருங்கவிடாது, பிணைப்பு உண்டாகாது. ஆகவே ஒரு கலத்தினுள் உள்ள அணுக்கள் அனைத்தினதும் கறங்கல்களை ஒருமுகப்படுத்திவிட்டால் ஐதரசன் தனித்தனி அணுக்களாகவே நிலைக்கும். அவ்வணுவோ மிக இலேசானது. தனிப்பூச்சியத்திலுங்கூட ஓயாத அதன் அசைவு, எஞ்சியுள்ள நலிந்த கவர்ச்சியை மேவிநிற்கும். எனவே அத்தகைய ஐதரசன் திரவமாகவோ திண்மமாகவோ மாறாது, தனிப்பூச்சியம் வரையிலும் வாயுவாகவே இருக்கும் என்று 1976 ஆம் ஆண்டில் ஸ்ற்வோலி, நொசனோவ் என்னும் இருவர் எடுத்துக் காட்டினர்.

1980 ஆம் ஆண்டில் அம்ஸ்ரர்டாம் பல்கலைக்கழகத்திலே சில்வேராவும் வால்ராவனும் இதனைச் செய்கையிற் காட்டினர். வெப்பநிலை ஏறத்தாழ 0.3 கெல்வின், காந்தப்புலம் பல தெசுலா. அணுக்கள் சுவரில் ஒட்டிக்கொண்டு ஒன்றோடொன்று பிணைந்துவிடாதிருக்கக் கலத்தின் உட்புறம் முழுவதும் மீப்பாய்மை ஈலியப் படலத்தாற் போர்க்கப்பட்டது. வேறெப்பொருளையும் பற்றிக்கொள்ள விரும்பாத ஈலியமே அங்கு காவலாயிற்று.

வெப்பநிலை குறையக் குறைய ஒவ்வோரணுவுக்கும் உரிய அலைநீளம் நீளுகின்றது. அது அணுக்களுக்கிடையிலுள்ள தூரத்தை எட்டும்போது, இவ்வணு, அவ்வணு என்று பிரித்துச் சுட்டுவது பொருளற்றதாகிவிடும். புரோத்தனும் இலத்திரனும் சேர்ந்த ஐதரசன் அணு போசனினத்தது. அவ்வினத்து அணுக்கள் மிகத் தாழ்ந்த ஒரே நிலையிற் பெருந்தொகையாக ஒடுங்கவல்லன. 1995 இல் உரூபீடியம், சோடியம் ஆகியவற்றின் அணு வாயுக்களில் இவ்வொடுக்கம் பெறப்பட்டது. ஐதரசனில் 1998 ஆம் ஆண்டிலே, மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்துக் கிளெப்னர், கிரேற்றாக் ஆகியோரின் குழுவினர், ஏறத்தாழ 50 மைக்குரோகெல்வினில் அதனை எய்தினர். ஐதரசனைத் தேடிச் செல்கையிற் கற்ற குளிர்விக்கும் முறையே ஏனைய வாயுக்களிலும் வெற்றிக்கு வழிகோலிற்று.

ஈலியம்-3 இன் கதை இதனினும் வியப்பானது. அதன் அணு பெர்மியன் இனத்தது. அதன் கருவுக்குக் கறங்கல் உண்டு. கருக்களின் காந்தவிசை மிகமிக நலிந்தது. இரு அணுக்கள் மோதும் முறையை மாற்ற அதற்கு வலுவில்லை. எனினும் கருக்களின் கறங்கல்களை ஒருமுகப்படுத்தினால், போதிய தாழ்வெப்பநிலையில் அவ்வாயுவின் வெப்பங்கடத்துமியல்பும் பாகுநிலையும் மாறிவிடுகின்றன. விசை மாறாதிருக்க இயல்பு மாறுவதெவ்வாறு? முற்றும் ஒத்த இரு பெர்மியன்கள் நேர்நேராக மோதுதலைச் சத்திச்சொட்டு விதி தடுக்கின்றது. மோதல் அருகவே அணுக்கள் நெடுந்தூரம் செல்கின்றன. அன்றியும், ஒத்த அணுக்கள் மோதுகையில் அவற்றின் கறங்கல்கள் தம் கூட்டுத்திசையை அச்சாகக் கொண்டு சிறிது திரும்புகின்றன. அதனால் ஐதான வாயுவொன்றினூடே கறங்கல் அலைகள் செல்லக்கூடும். 1980களின் முற்பகுதியிற் சோவியத் நாட்டில் பாஷ்கினும், பிரான்சில் லுயிலியே, லலோ ஆகியோரும் இதனைக் கோட்பாட்டால் உரைத்தனர். 1984 ஆம் ஆண்டிலேயே ஐதரசனிலும் ஈலியம்-3 இலும் அவ்வலைகள் காணப்பட்டன.

இவ்வளவையும் கூறுதற்குத் தமிழ் போதாமற் போயிற்றா என்பதை வாசகரே தீர்ப்பாராக.

பயன் என்னும் வினா

பயன் வேண்டுமெனில் அதுவும் உண்டு. மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. எனப்படும் படப்பிடிப்புக் கருவிகளிற் பெரும்பாலானவற்றின் காந்தச் சுருள்கள் 4 கெல்வினை அண்டிய திரவ ஈலியத்தாற் குளிர்விக்கப்படுவன. கறங்கல் ஒருமுகப்பட்ட ஈலியம்-3 வாயுவை நோயாளர் மூச்சில் உள்ளிழுக்க, நுரையீரலின் எப்பகுதிக்குக் காற்றுச் செல்கின்றது, எப்பகுதிக்குச் செல்லவில்லை என்பது படமாகத் தெரிந்தது. அதே நெறியில் செனன் வாயுவைப் பயன்படுத்த ஐக்கிய அமெரிக்கா 2022 இல் அனுமதி வழங்கிற்று. அணுவின் கறங்கலை ஆராய்ந்தோர் மூச்சுத் திணறும் ஒருவரை மனத்திற் கொண்டு தொடங்கினாரல்லர். ஆயினும் பயன் அவரையும் வந்தடைந்தது.

எனினும் இப்பயனைக் காட்டி மட்டும் வாதத்தை முடித்தல், எதிர்ப்போரின் அளவுகோலை ஏற்றுக்கொள்வதாகும். அவ்வளவுகோலே பிழையானது. செல்வர் வீட்டுப் பிள்ளை வானியல் கற்க விரும்பினால் அதன் பயனை எவரும் வினவுவதில்லை. அறிவார்வம் என்று போற்றுவர். இறுப்பிட்டி மீனவரின் பிள்ளை அதனையே விரும்பினால் மட்டும் கிணற்று நீரின் உவர்ப்பு நினைவுக்கு வருகின்றது. பயன் என்னும் வினா வறியோரை நோக்கி மாத்திரம் வீசப்படுமாயின் அது வினாவன்று, வேலியாகும்.

வேலிக்கு உள்ளே நின்றோர்க்கு நேர்ந்ததை இந்நாட்டு வரலாறே காட்டும். 1904 ஆம் ஆண்டில், இலங்கையின் கனிப்பொருள் அளவையை நடத்திய ஆனந்த குமாரசுவாமி, சப்பிரகமுவாப் பகுதியிலே கரிய கனிப்பொருளொன்றை இனங்கண்டார். தோரியனைற்று என்று பெயர்பெற்ற அது தோரியமும் ஈலியமும் மிக்கது. கல் கப்பலேறியது. இலண்டனில் இராம்சேயின் ஆய்வுகூடத்தில் அதனை ஆராய்ந்த ஓட்டோ கான் 1905 இல் இரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தார். 1908 ஆம் ஆண்டு யூலை 10 ஆம் நாள் இலெய்டன் நகரிற் காமர்லிங் ஒன்னசு ஈலியத்தை முதன்முதல் திரவமாக்கினார். அதற்கு வேண்டிய ஈலியத்தை அவர் பெற்றது வட கரோலினாவின் மொனசைற்று மணலிலிருந்து. அத்தகைய மணல் பேருவளைக் கடற்கரையிலும் உண்டு, குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் உண்டு. கல்லும் மணலும் எங்கும் கிடக்கும். வினவும் அறிவு வளர்க்கப்பட்ட இடத்திலேதான் அவை பொருளாகின்றன.

பெருஞ் செலவுள்ள குளிராக்கிகளைத் தீவகத்தில் நிறுவவியலாது என்பது உண்மையே. அதனை எவரும் கேட்கவுமில்லை. 1924 ஆம் ஆண்டில் டாக்காவிலிருந்து சத்தியேந்திரநாத போசு ஐன்ஸ்ரைனுக்கு அனுப்பியது சில பக்கங்களே. ஐன்ஸ்ரைன் அதனைத் தாமே செருமன் மொழியிற் பெயர்த்து வெளியிடச் செய்தார். மேலே கூறிய ஒடுக்கத்திற்கு மூலம் அப்பக்கங்களே. இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியராயிருந்த தமிழர் சி. ஜே. எலியேசர் கேம்பிரிட்சிலே திராக்கிடம் பயின்று, இலத்திரனின் இயக்கம் பற்றிய சமன்பாடுகளை ஆராய்ந்தவர். தாளும் எழுதுகோலும் ஆசிரியரும் போதிய துறைகள் பௌதிகத்தில் உள.

மொழி என்னும் சாட்டு

தமிழில் இயலாது என்போர்க்கு விடை மானிப்பாயில் உண்டு. அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1860களில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். வேதியியல் நூலொன்றைக் கெமிஸ்தம் என்ற பெயரில் 1875 இல் தமிழிற் கொணர்ந்தார். கலைச்சொல் இல்லாத காலத்தில் அந்நியர் ஒருவராற் செய்ய முடிந்ததை, சத்திச்சொட்டு, கறங்கல் என்றெல்லாம் சொற்கள் ஆக்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னர் பட்டம் பெற்ற தமிழர் செய்யவியலாதென்பது நகைப்புக்குரியது. கறங்கலா, தற்சுழற்சியா, ஈலியமா, ஹீலியமா என்று பாக்குநீரிணையின் இரு கரையிலும் நடைபெறும் வழக்கும் வீண் வழக்கே. கறங்கல் என்ற சொல்லைக் கேட்டு ஓலைக் காற்றாடியைப் போல இலத்திரன் சுழல்கின்றதென எண்ணும் பிழை ஆங்கிலச் சொல்லாலும் நேர்வதுதான். அதனைத் தீர்ப்பது சொல்லை மாற்றுதலன்று, விளக்கி எழுதுதல்.

ஆங்கிலத்தின் மீது பகைமை வேண்டுவதில்லை. பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் ஆங்கிலத்திற் கற்பிக்கப்படுவதாற் பல நன்மைகள் உண்டு. குறை அவ்வாயிலால் உட்புகுந்தோர் திரும்பி வந்து ஒரு சொல்லும் கூறாதிருத்தலே. போசு அவ்வாறிருந்தாரல்லர். உலகப் புகழ்பெற்ற அவர் 1948 இல் வங்காள விஞ்ஞானப் பரிசத்தை நிறுவி, தாய்மொழியில் விஞ்ஞானம் பரப்பும் திங்களிதழொன்றை நடத்துவித்தார். எவருடைய பெயரால் அணுக்களின் ஓரினம் உலகெங்கும் வழங்குகின்றதோ, அவரே தம் மொழியில் எழுதுவதை இழிவாகக் கருதவில்லை. முதுமாணிப் பட்டம் பெற்றதும் தமிழில் எழுதக் கூசுவோர் இதனைச் சிந்திப்பாராக.

வாசிப்பார் இலர் என்பதும் பொய். பாரிஸ் மாநகரிலே புங்குடுதீவார் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். ஈலியம்-3 இன் கறங்கல் அலைகள் ஆராயப்பட்டதும் அந்நகரிலேயே, எக்கோல் நோர்மல் சுப்பீரியரில். அங்கு வளரும் பேரப்பிள்ளை பிரெஞ்சு மொழியில் இதனைக் கற்கக்கூடும். இறுப்பிட்டியில் இருக்கும் பேரன் பேர்த்தியருக்கு அதனைச் சொல்லும் தமிழ்ப்பக்கம் இல்லையெனின், ஒரே குடும்பத்தின் இரு கிளைகள் இருவேறு நூற்றாண்டுகளில் வாழ நேரும்.

பழம்பெருமை

இன்னுமொரு சாரார் நண்பர் போல வருவர். பழைய பாடலொன்றில் அணு என்னும் சொல் இருத்தலைக் காட்டி, இவையனைத்தும் நம் முன்னோர் அறிந்தனவே என்பர். இவர்கள் செய்யும் கேடு முன்னையோர் செய்வதினும் குறைந்ததன்று. முன்னையோர் கற்க வேண்டா என்கின்றனர். இவர்கள் கற்று முடிந்தது என்கின்றனர். இரு கூற்றாலும் விளைவது ஒன்றே. புத்தகம் திறக்கப்படுவதில்லை. முன்னோர்க்குச் செய்யும் மரியாதை அவர்கள் அறியாததை அறிந்து அவர்களின் மொழியில் எழுதி வைத்தலேயாகும்.

செய்யற்பாலது

வாதத்தோடு நின்றுவிடுதல் ஆகாது. விஞ்ஞான பீடத்திற் சிறப்புப் பட்டத்திற்கு ஆய்வேடு எழுதும் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் அதன் சாரத்தை நான்கு பக்கத் தமிழில் எழுதுதல் வேண்டும். தமிழ்ச் சங்கங்கள் தம் ஆண்டு மலரிற் கவிதைக்கும் இலக்கிய ஆய்வுக்கும் ஒதுக்கும் பக்கங்களோடு அவற்றுக்கும் இடமளித்தல் வேண்டும். மலரின் பிரதிகள் விழா மேடையில் முக்கியத்தர்க்கு வழங்கப்படுவதோடு அமையாது, தீவகத்துப் பாடசாலைகளுக்கும் வாசிகசாலைகளுக்கும் சென்று சேர்தல் வேண்டும். இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டுவதில்லை. வெட்கம் சிறிது ஒழிந்தாற் போதும்.

இறுப்பிட்டிக்குத் தண்ணீர் வேண்டும். அதனை மறுப்போர் எவருமிலர். ஆயின் தண்ணீருக்காக வாளியுடன் நிற்கும் பிள்ளையின் தலையில் வாளியை மட்டுமே காண்போர், அத்தலைக்குள் ஒரு வினா இருக்கலாம் என்பதை மறந்துவிடுகின்றனர். நான்காவது சத்திச்சொட்டெண்ணை மனனஞ் செய்த அப்பிள்ளை, இதனால் நிகழ்வதென்ன என்று ஒருநாள் வினவும். அன்று தமிழில் விடை இருத்தல் வேண்டும். அதனை எழுதி வைத்தல் இன்று கற்றவர்தம் கடன்.