மறுப்பை எழுத்தில் தரட்டும்

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பெற்றோர் நல்ல தனியார் தொடக்கப்பள்ளியைத் தேர்ந்தெடுப்பதாகத்தான் பேச்சு. தமிழ்நாட்டில் பல ஊர்களில் நடப்பது நேர்மாறு. பள்ளிதான் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிறது.

ஒன்றாம் வகுப்புக்கு விண்ணப்பித்த பிள்ளையிடம் வண்ண அட்டையைக் காட்டி என்ன நிறம் என்று கேட்கிறார்கள். பிள்ளை தலைக்குமேல் சுழலும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் எல்லா நிறமும் சொல்வான் என்று தாய் சொல்வது யார் காதிலும் ஏறுவதில்லை. “எங்க ஸ்கூல் உங்க பிள்ளைக்கு செட் ஆகாதும்மா, ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க” என்று கனிவாகவே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எழுத்தில் எதுவும் தருவதில்லை. தந்தால் சட்டத்தை மீறியதற்கு அதுவே வாக்குமூலம் ஆகிவிடும்.

இது அநீதி. வசதிக் குறைவு, நிர்வாகத்தின் முடிவு என்று எதைச் சொல்லியும் மறைக்க முடியாத அநீதி. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றிருக்கிறது. அரசின் அங்கீகாரம் பெற்ற பள்ளி, பாகுபாடின்றிப் பிள்ளைகளைச் சேர்த்து அவரவர் தேவைக்கேற்ற வசதி செய்து தரவேண்டும் என்கிறது அதன் 16-ஆவது பிரிவு. சேர்க்கையில் வடிகட்டினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் விதிக்க 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இடம் தருகிறது. சில பள்ளிகளில் ஒரு பிள்ளையின் ஆண்டுக் கட்டணமே இதைவிட அதிகம்!

சேர்த்துக்கொள்ளும் பள்ளிகளிலும் சில, பிள்ளையின் அருகிலேயே இருந்து உதவும் ஷேடோ டீச்சரை நீங்களே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்கின்றன. பேச்சுப் பயிற்சிக்கும் தெரபிக்கும் செலவழித்தே ஓய்ந்துபோன குடும்பத்தின் தலையில் பள்ளி தன் கடமையையும் சேர்த்துக் கட்டுவது வெட்கக்கேடு. தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-லேயே சொல்லிவிட்டது.

நல்ல பள்ளிக்கு அடையாளம் ஏ.சி. வகுப்பறை அல்ல. அன்றைய பாடவேளைகளைப் படங்களாக மேசையில் ஒட்டிவைக்கும் ஆசிரியை, மணி அடிக்கும் முன்பே பிள்ளையிடம் சொல்லிவைக்கும் ஆயாம்மா, காலை வழிபாட்டில் பேண்டு முழங்கும்போது காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையை வாசலோரம் நிற்கவிடும் பி.டி. மாஸ்டர். இவற்றுக்குப் பணம் வேண்டாம், மனமும் கொஞ்சம் பயிற்சியும் போதும். நாற்பது பிள்ளைகளோடு குறைந்த சம்பளத்தில் திணறும் ஆசிரியைகளைக் குறை சொல்லமாட்டோம். அந்தப் பயிற்சியைத் தராத நிர்வாகங்களே குற்றவாளிகள். ‘அந்தப் பையன் இருந்தால் எங்கள் பிள்ளை படிப்பு கெடும்’ என்று புகார் எழுதும் சக பெற்றோருக்கும் இந்தப் பாவத்தில் பங்குண்டு.

பள்ளி தேடும் பெற்றோர் ஒரு கேள்வியை அவசியம் கேட்கவேண்டும்: என் பிள்ளை வகுப்பில் கத்தி அழுதால் என்ன செய்வீர்கள்? உங்களுக்கு போன் செய்து அழைத்துப்போகச் சொல்வோம் என்பது மட்டுமே பதிலானால் வேறு பள்ளி பாருங்கள். எதற்காக அழுகிறான் என்று முதலில் பார்ப்போம் என்னும் பள்ளி, ஓட்டுக் கட்டடத்தில் நடந்தாலும் மேல்.

பள்ளிக் கல்வித் துறை இனியும் வேடிக்கை பார்க்கக் கூடாது. அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும்போது கட்டடத்தையும் கழிப்பறையையும் பார்ப்பதோடு, மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகள் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள், மறுக்கப்பட்டவர்களுக்குக் காரணம் எழுத்தில் தரப்பட்டதா என்றும் கேட்கவேண்டும். அந்தக் கணக்கைக் காட்டாத பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கக் கூடாது.